துவக்கோடு கூட நிற்கிற ஆள்

எனக்கு ஆட்களை லேசில் நம்ப வராது. பெருமைக்குச் சொல்லவில்லை. பால் போத்தலில் அடித்திருக்கும் திகதியை இரண்டு தரம் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டு நாலு வீடு தள்ளிப் போனபிறகு திரும்பி வந்து பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். "நீங்கள் என்னை எப்பிடி நம்பிக் கட்டினனீங்கள் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை" என்பாள் மனைவி. அவளையும் நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் கட்டினேன் என்பதை நான் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பொழுதுபோக்கைப் பாருங்கள்: வேட்டை. அதுவும், இன்னொரு மனிதன் துவக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டிய வேட்டை.

லண்டன் சட்டனில் எங்கள் வீட்டு மாடி அலுமாரிக்குள், சுவரோடு இறுக்கிப் பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் என் இரட்டைக் குழல் துவக்கு. லைசென்ஸ் எடுத்து, பொலிஸ் வந்து பெட்டியைப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறேன். ஆனால் சொந்தக்காரர் ஒருவருக்கும் இது தெரியாது. துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். தெரிந்தால் "அங்கை கண்டது காணாதெண்டு இஞ்சையும் துவக்கோ?" என்று கேட்பார்கள். ஆகவே என் சனிக்கிழமைகளெல்லாம் சொந்தக்காரர் கணக்கில் ஓவர்டைம் வேலை.

இந்தப் பழக்கம் பார்சல் டிப்போவில் என்னோடு வேலை செய்த ஓர் ஆங்கிலேயரிடமிருந்து தொற்றியது. அவர்தான் என்னைச் சரே பக்கம் ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போனார். பட்டாணியும் கடுகும் விதைக்கிற பண்ணை. விதைத்த மறுவாரமே காட்டுப்புறாக்கள் நூற்றுக்கணக்கில் இறங்கிக் குருத்தை மேய்ந்துவிடும். அவற்றைச் சுட்டுக் குறைத்துக் கொடுத்தால் பண்ணைக்காரருக்கு உதவி, எங்களுக்கு இறைச்சி. பண்ணைக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. எப்போதும் இரண்டு பேர் வரவேண்டும். வயலோரத்தால் பொது நடைபாதை போகிறது, நாயோடு நடக்கிறவர்கள் எந்த நேரமும் வருவார்கள். ஒருவர் சுடும்போது மற்றவர் துவக்கை உறைக்குள் வைத்துவிட்டுப் பாதையைப் பார்க்க வேண்டும். தனியாக வந்தால் அன்றோடு சரி.

பதினொரு வருடம் அந்த ஆங்கிலேயரும் நானும் போனோம். பிறகு அவர் மகளோடு இருக்கவென்று ஸ்கொட்லாந்துக்குப் போய்விட்டார். நான் ஒற்றை ஆளானேன். ஒற்றை ஆளுக்கு அந்த வயல் இல்லை. கிழமை முழுக்க மற்றவர்களின் பார்சல்களைத் தேடித் திரிகிறவனுக்கு, மூளை சும்மா இருக்கிற ஒரே இடம் அந்த வயல்தான். அதை இழக்க எனக்கு மனமில்லை. ஆகவே ஆள் தேடினேன்.

வானத்தில் எறிகிற களிமண் தட்டுகளைத் துவக்கால் சுட்டுப் பழகுகிற இடத்தில் அறிமுகமான இருவரைப் பரீட்சித்துப் பார்த்தேன். ஒருவர் பாதையைப் பார்க்கச் சொன்னால் போனைப் பார்த்தார். மற்றவர் கதை சொல்லத் திரும்பும்போது குழலும் கூடவே திரும்பி என் முழங்காலைப் பார்த்தது. முழங்கால் எனக்கு இரண்டுதான் இருக்கிறது. இருவருக்கும் நன்றி சொல்லி அனுப்பினேன்.

அந்த நாட்களில்தான் டூட்டிங்கில் தமிழ்க் கடையொன்றுக்கு முன்னால் நின்று அரிசி மூட்டையைக் காருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணை, இது காட்டுப்புறாச் செட்டை. நீங்கள் சுட்டதோ?"

டிக்கியின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒற்றை இறகை அவர் பார்த்திருக்கிறார். என்னைவிட எட்டுப் பத்து வயது இளையவர். உடுப்பெல்லாம் சீமெந்துத் தூள். பிரான்சில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, மகளை இங்கிலீசில் படிப்பிக்கவென்று லண்டன் வந்தவராம். டைல்ஸ் பதிக்கிற வேலை. பிரான்சில் வெள்ளைக்காரரோடு பன்றி வேட்டைக்குப் போனவர், இங்கேயும் லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறார், ஆனால் சுடுவதற்கு இடமில்லை.

எனக்கு வயல் இருக்கிறது, ஆளில்லை. அவருக்கு வயல் இல்லை. யாராயிருந்தாலும் சந்தோசப்பட்டிருப்பார்கள். எனக்கு வந்த முதல் யோசனை, இவன் எப்படி ஓர் இறகை வைத்து இவ்வளவும் பிடித்தான் என்பதுதான்.

லைசென்ஸைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். முகம் சுளிக்காமல் தந்தார். வயலுக்குக் கூட்டிப்போனேன். அங்கேயும் ஒரு குறை பிடிக்க முடியவில்லை. என் முறை வந்தால் அவர் துவக்கு உறைக்குள் போய்விடும். பாதையில் தூரத்தில் ஒரு தொப்பி தெரிந்தாலே "ஆள் வருது அண்ணை" என்பார். விழுந்த புறா யார் சுட்டது என்ற பேச்சுக்கே போகமாட்டார், கடைசியில் சரிபாதியாகப் பிரித்து, கொழுத்தவற்றை என் பக்கம் தள்ளுவார். இத்தனை ஒழுங்கான மனிதனை என்னால் எப்படி நம்ப முடியும்?

காரில் போகும்போது மெல்லக் கேட்டேன்.

"தம்பி எவடம்?"

"யாழ்ப்பாணம்தான் அண்ணை."

"யாழ்ப்பாணத்திலை?"

"டவுனுக்குக் கிட்டத்தான்."

அதோடு நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார். நம்முடைய ஆட்களிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும், பேரன் பூட்டன் வரை வந்துவிடும். இரண்டாவது கேள்வியிலேயே கதவைச் சாத்துகிற ஆளை நான் முதல் தரம் பார்க்கிறேன். எதை மறைக்கிறார்? ஊரில் இயக்கத்தில் இருந்தவரா, வேறு ஏதாவதா? வயலில் எதற்காக எப்போதும் எனக்குப் பின்னால் உட்காருகிறார்? நாலு சனிக்கிழமை இப்படியே போனபிறகு, பாரிஸில் இருக்கும் என் மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"ஒரு ஆளை விசாரிக்க வேணும். உங்கை பதினைஞ்சு வருசம் இருந்தவர். டைல்ஸ் வேலை. இப்ப லண்டன்."

"என்ன விசயமாய்?"

வேட்டை என்று எப்படிச் சொல்வது? "சும்மாதான். குணம் எப்பிடி, குடி இருக்கோ, கோவக்காரனோ, குடும்பம் எப்பிடி எண்டு ஒருக்காப் பாரன்."

மச்சான் குரலைத் தாழ்த்தினான். "பிள்ளையள்?"

"ஒரு பெட்டை. யூனிவர்சிட்டி முடிக்கப் போறா எண்டவர்."

"ஆ" என்றான் மச்சான். "சரி, பக்குவமாய் விசாரிக்கிறன்."

எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்க்கிற நான், அந்த "ஆ"வை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை டைல்ஸ்காரர் ஒரு டப்பாவோடு காரில் ஏறினார். மனைவி செய்த பயத்தம் உருண்டையாம். "அண்ணைக்கு எண்டு செய்தவ." அதற்கடுத்த கிழமை சீனி அரியதரம். என் பையைத் தூக்க என்னை விடவில்லை. என் மகன் என்ன வேலை செய்கிறான், எங்கே இருக்கிறான் என்று விசாரித்தார். அவர் துவக்கைத் துடைக்கும்போது என் துவக்கையும் வாங்கித் துடைத்துத் தந்தார். எனக்குள் எல்லா மணிகளும் அடித்தன. எதற்கு இந்தக் குழைவு? என்னிடம் என்ன வேண்டும் இந்த மனிதனுக்கு? பண்ணைக்காரரிடம் தனியாகப் பேசி வயலில் சுடுகிற உரிமையைத் தன் பெயருக்கு வாங்கப் பார்க்கிறாரா? உருண்டை நல்ல ருசியாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை மச்சான் போன் எடுத்தான். குரல் ஏதோ இரகசியம் பேசுவது போல இருந்தது.

"குடி இல்லை. கோவம் இல்லை. பெட்டை நல்ல கெட்டிக்காரியாம். ஆனால் ஒரு விசயம் இருக்கு. ஆள் இஞ்சை வெள்ளையளோடை வேட்டைக்குப் போறவராம். ஒருக்கா கூடப் போன ஒருத்தன்ரை காலிலை சுட்டுப்போட்டாராம். தான்தான் எண்டு தானே ஒப்புக்கொண்டவராம். அந்தாள் தப்பிட்டுது, கேஸும் இல்லை. வேட்டைச் சங்கத்தாலை மட்டும் வெளியாலை விட்டிட்டினம். மற்றும்படி நல்ல இடம்."

"சுட்டுப்போட்டார்" என்பதற்குப் பிறகு என் காதில் ஒன்றும் ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமை போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் பட்டாணி அப்போதுதான் முளைவிட்டிருந்தது, புறா இறங்குகிற காலம். வராவிட்டால் வயலை வேறு ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று பண்ணைக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். டைல்ஸ்காரரிடமே நேரே கேட்டிருக்கலாம். "தம்பி, பிரான்சிலை என்ன நடந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி. அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆளைக் கண்ணில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன்.

வேலியோரம் வலை கட்டி மறைந்திருந்தோம். இருவருக்கும் ஒரே மாதிரிப் பச்சை ஜக்கெற், தொப்பி, முகத்துக்கு வலைத்துணி. புறாக்களை ஏமாற்றி இறக்க வயலில் பிளாஸ்டிக் புறாக்களைப் பரப்பியிருந்தோம். சுடுகிற முதல் முறை என்னுடையது. வழக்கம்போல அவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"முன்னுக்கு வாரும் தம்பி" என்றேன்.

"முன்னுக்கு இருந்தால் உங்கடை சூட்டுக்கு இடைஞ்சல் அண்ணை. பாதையும் தெரியாது."

சரியான பதில்தான். சரியான பதில்கள்தான் எனக்கு எரிச்சல். மடித்துத் திறந்திருந்த துவக்கில் தோட்டா போட்டு மூடினேன்; மூடினால் அது சுடத் தயார். வானத்தைப் பார்க்க வேண்டிய கண் பின்பக்கமே இழுத்தது. முதுகு முழுவதும் காதாகிவிட்டது. ஒரு கூட்டம் புறா இடப்பக்கத்தால் தாழ வந்தது. துவக்கைத் தோளுக்கு உயர்த்தினேன். அந்த நேரம் பின்னால் "டக்" என்று ஒரு சத்தம்.

துவக்கு மூடுகிற சத்தம் என்றே எனக்குக் கேட்டது. அப்படியே திரும்பினேன். உயர்த்திய துவக்கும் என்னோடு திரும்பியது.

அவர் கையில் தேநீர்ப் பிளாஸ்கும் அதன் மூடியும் இருந்தன. அவருடைய துவக்கு உறைக்குள், சிப் இழுத்து மூடியபடி, புல்லில் கிடந்தது. என்னுடைய இரட்டைக் குழல் அவர் நெஞ்சுக்கு நேரே நின்றது. விரல் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

அவர் கத்தவில்லை. மூடியை மெதுவாகக் கீழே வைத்தார். இரண்டு விரலால் குழலை வானத்துப் பக்கம் தள்ளினார்.

"தோட்டாவை எடுங்கோ அண்ணை."

எடுத்தேன். ஒரு தோட்டா புல்லில் விழுந்தது. அவர் அதைப் பொறுக்கித் தந்துவிட்டுத் தேநீர் ஊற்றித் தந்தார். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு புறாவும் சுடவில்லை. வலையைச் சுருட்டிக்கொண்டு வயல் வாசல் கேற்றடிக்குப் போனோம்.

அங்கே பண்ணைக்காரர் ஜீப்பை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். சும்மாவே சிவந்த முகம், அன்று இன்னும் சிவந்திருந்தது. மேட்டிலிருந்து பார்த்தேன் என்றார். உங்களில் ஒருவன் மூடிய துவக்கை மற்றவன் மேல் திருப்பியதைக் கண்டேன், யார் அது என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். பேசத் திறந்தேனா, மூச்சு விடத் திறந்தேனா என்று கேட்டால் மூச்சு விடத்தான்.

"நான்" என்றார் டைல்ஸ்காரர்.

பண்ணைக்காரர் அவரிடம், இனி இந்த நிலத்தில் கால் வைக்க வேண்டாம் என்றார். பொலிஸின் லைசென்ஸ் பிரிவுக்கு அறிவிப்பதா என்று யோசித்து முடிவெடுப்பேன் என்றார். பிறகு என் தோளில் கை வைத்து, உனக்கு ஒன்றுமில்லையே, நீ வேறொரு நல்ல ஆளைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வா என்றார். ஒன்றுமில்லை என்றேன். சரியான கோழை நான். அந்த நிமிடத்தில் எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

ஆனால் காரில் ஏறிப் பத்து நிமிடம் போவதற்குள் பழைய மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. எதற்குச் செய்தார்? லைசென்ஸே போகலாம் என்று தெரிந்தும் ஒரு மனிதன் சும்மா பழியை ஏற்பானா? இதற்குப் பதிலாக என்னிடம் எதைக் கேட்கப் போகிறார்?

"யோசியாதேங்கோ அண்ணை" என்றார் அவரே. "நான் இதைப் பிரான்சிலையும் செய்தனான். அங்கை மனிசியின்ரை தமையன் என்ரை துவக்கை ஒருக்கா வாங்கிப் பாத்தவன். வெடிச்சுப்போச்சு. கூட வந்த ஒருத்தருக்குக் காலிலை மூண்டு சின்னக் குண்டு. அவனுக்கு லைசென்சும் இல்லை, பேப்பரும் இல்லை. பிடிச்சால் ஊருக்கு ஏத்திப் போடுவாங்கள். நான்தான் எண்டு சொல்லிப்போட்டன். சொந்தத்தைக் காட்டிக் குடுக்க ஏலுமே?"

"நான் உமக்குச் சொந்தமில்லையே" என்றேன்.

சிரித்தார். கொஞ்சம் வெட்கப்பட்ட சிரிப்பு.

"இன்னும் இல்லைத்தான்" என்றார். "நீங்கள் பாரிசிலை விசாரிக்கிறியள் எண்டு மனிசிக்கு அடுத்த நாளே போன் வந்திட்டுது. எனக்கு உங்கடை முறை நல்லாப் பிடிச்சுது அண்ணை. புறோக்கரை விடாமல், முதல் ஆளோடை பழகிப் பாத்து, பிறகு விசாரிச்சு. பெட்டை முதல் ஏலாதெண்டு குளறினவள். இப்ப உங்கடை பெடியன்ரை படத்தைக் கேக்கிறாள். நீங்களாய் வாய் திறக்கட்டும் எண்டுதான் நாங்கள் பேசாமல் இருந்தம். சம்பந்தியாகப் போற மனுசன் கேற்றடியிலை தலைகுனிஞ்சு நிண்டால் நான் எப்பிடிப் பாத்துக்கொண்டு நிக்கிறது?"

பயத்தம் உருண்டையும் அரியதரமும், பையைத் தூக்கியதும், மகனைப் பற்றிக் கேட்டதும் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. என் மகன் இரண்டு வருடமாக ஒரு பெண்பிள்ளையோடு பிளாற் எடுத்து இருக்கிறான். எங்களுக்குத் தெரியும், வெளியில் சொல்வதில்லை.

ஒரு பெற்றோல் ஸ்டேசனுக்குள் காரைத் திருப்பி நிறுத்தினேன். அப்போதும் ஒரு பொய் கைவசம் இருந்தது. பிள்ளைகளுக்குள் சரிவரவில்லை என்று ஒரு மாதம் கழித்துச் சொல்லிவிடலாம். வயலும் என்னிடம் இருக்கும், மரியாதையும் இருக்கும். ஆனால் தோளில் பண்ணைக்காரர் கை வைத்த இடம் உறுத்திக்கொண்டே இருந்தது.

"தம்பி, நான் விசாரிச்சது சம்பந்தத்துக்கு இல்லை" என்றேன். "நீர் ஊர் சொல்லேல்லை. பின்னாலை துவக்கோடை இருக்கிற ஆள் ஆரெண்டு எனக்குப் பயம். அதுக்குத்தான் விசாரிச்சனான். வேட்டை எண்டு சொல்ல வெக்கத்திலை மச்சானுக்கு ஒண்டும் சொல்லேல்லை. அவன் கலியாணம் எண்டு எடுத்திட்டான். என்ரை பெடியன் வேறை ஒரு பிள்ளையோடை இருக்கிறான். இண்டைக்கு நான் திரும்பினதும் உமக்குப் பயந்துதான்."

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காரைக் கழுவுகிற இடத்தில் ஒருவன் தன்பாட்டுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். அவர் முகம் சிறிது சிறிதாக இறுகுவதை நான் பார்த்தேன். மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்திருப்பார். மனைவியிடம் என்ன சொல்வது என்றும் யோசித்திருப்பார்.

"ஊரைச் சொன்னால் என்ன சாதி எண்டு தேடுவியள். அதுதான் சொல்லுறேல்லை" என்றார் கடைசியில். பிறகு, "அப்ப நான் ஆருக்காகப் பொய் சொன்னனான்?" என்று கேட்டார்.

காரை எடுத்து, அடுத்த ரவுண்டபோட்டில் முழுச் சுற்றுச் சுற்றி, வந்த வழியே திருப்பினேன். அவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

பண்ணைக்காரர் சமையலறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அது நான் என்றேன். அவர் நம்பவில்லை. ஒருவரையொருவர் காப்பாற்றப் பார்க்கிறீர்களா, நான் எவனை நம்புவது என்று கேட்டார். பிறரை இத்தனை வருடம் நான் பார்த்த பார்வையால் அன்று என்னை ஒருவர் பார்த்தார். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்க் மூடியைச் சொன்னேன், நான் கேட்ட சத்தத்தைச் சொன்னேன், கேற்றடியில் வாயை மூடிக்கொண்டு நின்றதைச் சொன்னேன். டைல்ஸ்காரர் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பண்ணைக்காரர் பதினொரு வருடத்துக்கு மேல் இந்த வயலில் என்னைப் பார்த்தவர். கேட்டு முடித்ததும் என்னை விட்டுவிட்டு டைல்ஸ்காரரிடம் திரும்பினார். இவனோடு இனியும் துவக்கோடு நிற்பாயா, நீ சரியென்றால் நானும் இதை இத்தோடு விடுகிறேன் என்றார்.

அவர் யோசித்தார். நிதானமாக, ஒரு நல்ல வேட்டைக்காரன் சுடுவதா விடுவதா என்று யோசிப்பதுபோல யோசித்தார்.

"நோ" என்றார்.

குரலில் கோபம் இருக்கவில்லை. அந்தக் கேள்வியைப் பண்ணைக்காரர் என்னிடம் கேட்டிருந்தால், என்னைப் பற்றி நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.